போர்ட் திறந்திருக்கிறது என்கிறது ரூட்டர், வாசலில் நிற்கிறார்கள் நண்பர்கள்

கேள்வி: பிப்ரவரி 6, மாலை 7.10

வீட்டுக் கணினியில் மைன்கிராப்ட் ஜாவா பதிப்பின் சர்வர் ஓடுகிறது. ரூட்டரில் 25565 போர்ட்டை (சர்வர் காத்திருக்கும் வாசல் எண்) 192.168.1.23 என்ற முகவரிக்குத் திருப்பிவிட்டிருக்கிறேன். வீட்டுக்குள்ளிருந்து விளையாட முடிகிறது. வெளியே இருக்கும் நான்கு நண்பர்களில் ஒருவராலும் நுழைய முடியவில்லை. வெளி முகவரிக்குப் பிங் (ஆள் இருக்கிறாரா என்று தட்டிப் பார்க்கும் சோதனை) கொடுத்தால் பதில் ஒழுங்காக வருகிறது. ரூட்டரை மூன்று முறை அழித்து மறுபடி அமைத்தும் பயனில்லை. ரூட்டர் பழுது என்பதுதான் என் முடிவு. விளையாட்டுக்கென்றே விற்கிறார்களே, அப்படி ஒன்றை வாங்கிவிடலாமா?

பிப்ரவரி 6, இரவு 9.45

வாங்காதீர்கள். எட்டு ஆன்டெனா முளைத்த பெட்டியும் இதே வேலையை இதே மாதிரிதான் செய்யும்.

முதலில், நண்பர்களின் திரையில் வந்த வாசகம் என்ன? "உள்ளே போக மாட்டேன் என்கிறது" என்று அவர்கள் சொல்வதை ஏற்காதீர்கள், திரையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' என்று சட்டென வந்தால் நல்ல சேதி. பாக்கெட், அதாவது இணையத்தில் போகும் தரவுப் பொட்டலம், ஏதோ ஒரு கணினி வரை போய்ச் சேர்ந்திருக்கிறது. அது "இந்த எண்ணில் இங்கே யாரும் இல்லை" என்று வாய் திறந்து சொல்லியிருக்கிறது. சர்வர் ஓடவில்லை, அல்லது வேறு போர்ட்டில் ஓடுகிறது, அல்லது 192.168.1.23 என்ற முகவரி இன்று வீட்டிலுள்ள வேறொரு கருவிக்குப் போய்விட்டது. 'டைம்டு அவுட்' என்று அரை நிமிடம் இழுத்தடித்துவிட்டு வந்தால் கதை வேறு. யாரும் மறுக்கவில்லை, யாரும் பேசவே இல்லை. வழியில் எவனோ பாக்கெட்டைச் சத்தமில்லாமல் கீழே போட்டுவிட்டான். இந்த இரண்டு வாசகங்களையும் ஒன்றாக நினைத்துத்தான் நான் ஒரு வாரத்தை வீணடித்தேன்.

பிங் பதிலை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். பிங் போவது ஐசிஎம்பி என்ற தனி நெறிமுறை வழியாக. அதில் போர்ட் என்ற பேச்சே கிடையாது. பதில் சொன்னது உங்கள் கணினிதான் என்பதற்கும் ஆதாரம் இல்லை.

இன்னொன்று. அந்த 23-ஆம் எண் நிரந்தரமா? வீட்டுக் கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் ரூட்டரின் டிஎச்சிபி பக்கத்தில், கணினியின் மேக் முகவரிக்கென்று (அதன் வலை அட்டையின் சொந்த எண்) அந்த எண்ணை ஒதுக்கி வைத்தீர்களா? இல்லையென்றால் இன்றைக்குச் சரியாக இருப்பது அடுத்த வாரம் தவறிப்போகும்.

பிப்ரவரி 6, இரவு 10.05

சேர்க்க மறந்தது: வீட்டு வைஃபையில் இருந்துகொண்டே உங்கள் வெளி முகவரியைத் தட்டிப் பார்த்துவிட்டு "வெளியிலிருந்து வரவில்லை" என்று முடிவு கட்டவில்லையே? பல ரூட்டர்களுக்கு உள்ளிருந்து வெளியே போய் அதே வாசலில் திரும்பி நுழையும் வித்தை தெரியாது. 'ஹேர்பின்' என்பார்கள், கொண்டை ஊசி வளைவு. கைபேசியில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் சோதியுங்கள்.

பிப்ரவரி 7, காலை 6.50

'டைம்டு அவுட்' என்று எழுதியிருக்கிறீர்கள். மொபைல் டேட்டாவிலும் அதேதான் என்கிறீர்கள். சரி, கணினிக்குள் வருவதை வடிகட்டும் ஃபயர்வாலைப் பிடிப்போம்.

என் கதையைச் சொல்கிறேன். சர்வரை முதன்முதலில் இயக்கிய அன்று, "இந்த நிரலை வலையமைப்பில் அனுமதிக்கலாமா" என்று விண்டோஸ் ஒரு பெட்டியைக் காட்டியது. அக்காள் மகன் பக்கத்தில் நின்று "மாமா, சீக்கிரம், சீக்கிரம்" என்று தோளை உலுக்கிக்கொண்டிருந்தான். படிக்காமல் 'கேன்சல்' அழுத்தினேன். பிறகு நினைவாக ஃபயர்வாலுக்குள் போய் 25565-க்கு அனுமதி விதி எழுதினேன். எதுவும் நுழையவில்லை. ஃபயர்வாலையே அணைத்தால் வேலை செய்தது, போட்டால் நின்றது. இரண்டு மாலைகள் இப்படி விளக்கை அணைத்துப் போடுவதுபோல் போட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் உள்வரும் விதிகளின் பட்டியலை மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகப் படித்தபோது, ஜாவாவின் பெயரில் சிவப்புத் தடைக் குறியோடு இரண்டு வரிகள் இருந்தன, ஒன்று டிசிபி, ஒன்று யுடிபி (தரவை அனுப்பும் இரண்டு முறைகள்). நான் 'கேன்சல்' அழுத்திய மறுகணம் விண்டோஸே எழுதி வைத்தவை. அனுமதி விதியும் தடை விதியும் மோதினால் தடைதான் வெல்லும். நான் எழுதிய அனுமதி அங்கேயே உட்கார்ந்திருந்தது, செல்லாக் காசாக.

உங்கள் பட்டியலிலும் அந்த இரண்டு வரிகள் இருக்கிறதா பாருங்கள். வலையமைப்பு 'பப்ளிக்' என்று குறிக்கப்பட்டிருந்தால் அதையும் 'பிரைவேட்' ஆக்குங்கள்.

பிப்ரவரி 7, காலை 7.15

பல் துலக்கும்போது தோன்றியது. "வீட்டுக்குள்ளிருந்து விளையாட முடிகிறது" என்றீர்களே, எந்தக் கணினியிலிருந்து? சர்வர் ஓடும் அதே கணினியிலிருந்து 127.0.0.1 என்று நுழைந்திருந்தால் அது வீட்டுக்குள் சோதித்ததாகவே ஆகாது. அந்தப் பாக்கெட் கணினியை விட்டு வெளியே காலெடுத்து வைப்பதில்லை. வேறொரு கணினியிலிருந்து 192.168.1.23 என்று தட்டி நுழைய வேண்டும்.

பிப்ரவரி 7, இரவு 8.30

தங்கையின் மடிக்கணினியிலிருந்து நுழைய முடிகிறதாம். அப்படியென்றால் காலையில் நான் எழுதிய ஃபயர்வால் புராணம் உங்களுக்குப் பெரும்பாலும் பொருந்தாது. 'பெரும்பாலும்' என்பதற்குக் காரணம், உள்வலைக்கு மட்டும் திறந்து வெளியாருக்கு மூடும் விதியும் எழுத முடியும். ஆனால் அதை வேலை மெனக்கெட்டு யாராவது எழுதியிருக்க வேண்டும்.

அடுத்த சோதனை ஒரு நிமிட வேலை. ரூட்டரின் நிலைப் பக்கத்தில் 'வான்' முகவரி, அதாவது ரூட்டரின் வெளிப்பக்க முகவரி, என்று ஒன்று இருக்கும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு உங்கள் ஐபி என்ன என்று காட்டும் ஏதாவதொரு தளத்தைத் திறந்து, அங்கே வரும் எண்ணோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக இல்லையென்றால், உங்கள் ரூட்டருக்கும் இணையத்துக்கும் நடுவே இன்னொருவர் உட்கார்ந்திருக்கிறார். வீட்டுக் கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு, தெருக் கதவு பூட்டியிருப்பதைக் கவனிக்காத கதைதான்.

பிப்ரவரி 7, இரவு 11.55

தூக்கம் வரவில்லை. இந்த விஷயத்தில் நான் பட்டது கொஞ்சம் அதிகம்.

என் ரூட்டரின் வான் முகவரி 100.71 என்று தொடங்கியது. 192.168 என்றால் வீட்டு முகவரி, 10 என்றால் அலுவலக முகவரி, 172.16-இலிருந்து 172.31 வரையும் உள்முகவரி என்பது 1996-இல் வந்த ஆர்எஃப்சி 1918 என்ற இணைய நெறி ஆவணத்தின் பட்டியல். அது எனக்கு மனப்பாடம். 100 அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே பொது முகவரி என்று நினைத்துவிட்டேன். பொது முகவரிதான் இருக்கிறதே, பிறகு ஏன் வரவில்லை என்று மூன்று இரவுகள் ரூட்டரின் ஒவ்வொரு பக்கத்தையும் மேய்ந்தேன்.

இணையத்தின் பழைய முகவரி முறையான ஐபிவி4-இல் மொத்தமே சுமார் 429 கோடி முகவரிகள். உலக அளவில் பங்கிட்டுக் கொடுக்கும் ஐஏஎன்ஏ-வின் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்தது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் ஆர்எஃப்சி 6598 வந்தது. 100.64.0.0 முதல் 100.127.255.255 வரை, சுமார் 42 லட்சம் முகவரிகளை, இணையச் சேவை நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வரிசையாக நிறுத்துவதற்கென்றே ஒதுக்கினார்கள். இதற்குத்தான் சிஜிநாட் என்று பெயர். நாம் வெளியே போகலாம், படம் பார்க்கலாம், விளையாடலாம். வெளியிலிருந்து யாராவது நம்மைத் தேடி வந்தால், அந்தப் பாக்கெட் நிறுவனத்தின் கருவியோடு நின்றுவிடும். எந்த வீட்டுக்கு அனுப்புவது என்ற குறிப்பு அங்கே இல்லை. வீட்டு ரூட்டரில் ஆயிரம் விதி எழுதினாலும் அதைத் தொட முடியாது.

உங்களுக்கும் இதுவாகத்தான் இருக்கும். பந்தயம் கட்டத் தயார்.

பிப்ரவரி 8, காலை 8.20

பந்தயம் போயிற்று. உங்கள் வான் முகவரி 192.168.0.2.

நள்ளிரவில் நான் எழுதிய வரலாறு உங்களுக்குத் தேவையே இல்லை. உங்கள் பிரச்சினை வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. நிறுவனம் சுவரில் மாட்டிவிட்டுப் போன பெட்டியை நீங்கள் வெறும் மோடம் என்று நினைக்கிறீர்கள். அதுவும் ஒரு ரூட்டர். அதற்குப் பின்னால் உங்கள் ரூட்டர். இரண்டு பேரும் தனித்தனியாக முகவரி மாற்றுகிறார்கள். வெளியிலிருந்து வருவதை முதல் பெட்டியே தூக்கி எறிகிறது. நீங்கள் மூன்று முறை அழித்து அமைத்தது, குற்றமே செய்யாத இரண்டாவது பெட்டியை. பிங்குக்குப் பதில் சொன்னதும் அநேகமாக அந்த முதல் பெட்டிதான்.

மூன்று வழி உண்டு. முதல் பெட்டியை 'பிரிட்ஜ்' முறைக்கு மாற்றி, வெறும் கம்பியாக்கிவிடுவது. அதற்கு நிறுவனம் ஒத்துழைக்க வேண்டியிருக்கலாம். அல்லது இரண்டு பெட்டிகளிலும் வரிசையாகப் போர்ட்டைத் திருப்புவது: முதலாவது 192.168.0.2-க்கு, இரண்டாவது 192.168.1.23-க்கு. அல்லது உங்கள் ரூட்டரை வெறும் வைஃபை நிலையமாக மாற்றிவிட்டு, முதல் பெட்டியில் மட்டும் விதி எழுதுவது. கடைசி வழிதான் எனக்குப் பிடித்தது. ஒரு வீட்டுக்கு ஒரு வாயில் போதும்.

முதல் பெட்டியின் வான் முகவரியையும் அதே தளத்தோடு ஒப்பிட்டுவிடுங்கள். அங்கேயும் 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் ஏதாவது இருந்தால், பந்தயத்தில் பாதியைத் திருப்பிக் கேட்பேன்.

பிப்ரவரி 8, இரவு 9.10

முதல் பெட்டியில் பொது முகவரிதானாம். வாழ்த்துகள், பொறாமையோடு.

பிப்ரவரி 9, இரவு 10.30

சிஜிநாட்டில் சிக்கிய நான் எப்படித் தப்பினேன் என்று கேட்டிருக்கிறீர்கள். சேவை நிறுவனத்தில் பொது முகவரி கேட்டேன். என் திட்டத்தில் கிடையாது என்றார்கள். பிறகு புதிய முகவரி முறையான ஐபிவி6 கைகொடுக்கும் என்று பார்த்தேன். கணினிக்கே நேரடி உலக முகவரி, நடுவில் முகவரி மாற்றும் நாட் என்ற தொல்லை இல்லை. ரூட்டரின் ஐபிவி6 ஃபயர்வால் உள்ளே வருவதை எல்லாம் தடுக்கும் என்பதைக் கண்டுபிடித்துத் திறக்க ஒரு மாலை ஆனது. ஐந்து நண்பர்களில் இருவருக்குத்தான் ஐபிவி6 இருந்தது. நான் என் கணினியை மறுதொடக்கம் செய்த மறுநாள் அந்த இருவரும் வழி தவறினார்கள். தனியுரிமைக்காகக் கணினி அவ்வப்போது மாற்றிக்கொள்ளும் தற்காலிக முகவரியை அவர்களுக்குக் கொடுத்திருந்தேன். நிலையான இன்னொரு முகவரி அதே பட்டியலில், ஒரு வரி மேலே இருந்தது.

கடைசியில் வெளியே ஒரு சிறிய வாடகைச் சர்வர் எடுத்து, வீட்டிலிருந்து அதற்கு வயர்கார்ட் என்ற நிரலால் ஒரு சுரங்கம், அதாவது தனி இணைப்புப் பாதை, போட்டேன். வீட்டிலிருந்து வெளியே போகும் இணைப்பை சிஜிநாட் தடுப்பதில்லை; அந்தச் சுரங்கத்தின் வழியாகவே நண்பர்களை உள்ளே அழைத்துவரலாம். வயர்கார்ட் 2020 மார்ச்சில் லினக்ஸ் 5.6 கெர்னலிலேயே சேர்ந்துவிட்டது, அமைப்பது எளிது.

எளிது என்று எழுதிவிட்டேன். முதல் நாள் எல்லோரும் விளையாடினார்கள். மறுநாள் மாலை ஒருவராலும் முடியவில்லை. நான் வீட்டுக் கணினியிலிருந்து வாடகைச் சர்வருக்கு ஒரு பிங் கொடுத்தேன், அடுத்த நொடி எல்லோரும் நுழைந்தார்கள். இப்படி நான்கு நாள். நான் போய்த் தொட்டால் எழுந்துகொள்ளும், விட்டால் செத்துவிடும். பேசாமல் இருந்தால் நாட் கருவி அந்த இணைப்பையே மறந்துவிடுகிறது. யுடிபி விஷயத்தில் சில கருவிகளுக்கு அரை நிமிடமே போதும். வீட்டுப் பக்க அமைப்பில் 25 நொடிக்கு ஒருமுறை ஒரு வெற்றுப் பாக்கெட் அனுப்பும்படி ஒரே ஒரு வரி சேர்த்ததும் அந்தத் தொல்லை நின்றது.

பிப்ரவரி 10, காலை 7.05

நேற்று எழுதியதில் ஒரு பகுதியை விட்டுவிட்டேன், வெட்கத்தினால்.

அந்தச் சுரங்கம் ஒழுங்காக ஓடத் தொடங்கிய பிறகு, சும்மா இருக்க மாட்டாமல் அதை ஐபிவி6 மேல் மாற்றினேன். பட்டியலில் சர்வர் பெயர் தெரிந்தது, எத்தனை பேர் உள்ளே என்ற எண்ணிக்கையும் தெரிந்தது. நுழைந்தால் மட்டும் உலகம் ஏறாமல் அப்படியே உறைந்து, கடைசியில் 'டைம்டு அவுட்'. சிறிய பாக்கெட் போகிறது, பெரிய பாக்கெட் போகவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது. பெயரும் எண்ணிக்கையும் சின்னச் சேதி. நிலப்பரப்பு பெரிய மூட்டை.

என் இணைப்பு பிபிபிஓஇ, ஒவ்வொரு பாக்கெட்டிலும் கொஞ்சம் இடத்தைத் தனக்கு எடுத்துக்கொள்ளும் வகை. சாதாரணமாக ஒரு பாக்கெட்டில் 1500 பைட் போகும் இடத்தில் இதில் 1492 தான். சுரங்கத்தின் உள்ளே 1420 பைட், ஐபிவி6 உறைக்கு 80 பைட். கூட்டினால் 1500. எட்டு பைட் அதிகம். பழைய ஐபிவி4 உறைக்கு 60 பைட்தான் என்பதால் 1480-இல் அடங்கிப் போய்க்கொண்டிருந்தது. சுரங்கத்தின் எம்டியு-வை, அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவை, 1380 ஆகக் குறைத்தேன், உலகம் ஏறியது.

பிப்ரவரி 10, மாலை 6.15

போர்ட் சோதிக்கும் தளத்தில் பார்த்தால் போர்ட் மூடியிருக்கிறது என்று வருவதாக எழுதியிருக்கிறீர்கள். அப்போது சர்வர் ஓடிக்கொண்டிருந்ததா? கேட்பதற்கு ஆளில்லாத போர்ட் வெளியிலிருந்து பார்த்தால் மூடியதாகத்தான் தெரியும். இந்தத் தளங்களில் பெரும்பாலானவை டிசிபி மட்டும் பார்ப்பவை என்பதும் நினைவிருக்கட்டும். ஜாவா பதிப்புக்கு அது போதும். வால்ஹைம் 2456, ஃபாக்டோரியோ 34197 போன்ற பிற விளையாட்டுகள் எல்லாம் யுடிபி. அங்கே இந்தத் தளங்கள் சொல்வதற்குப் பொருளில்லை.

மைன்கிராப்டின் பெட்ராக் பதிப்பும் யுடிபிதான், 19132. அக்காள் மகன் டேப்லெட்டில் பெட்ராக் பதிப்பை வைத்துக்கொண்டு என் ஜாவா சர்வருக்குள் நுழைய ஒரு ஞாயிறு முழுதும் முயன்றான். நானும் அவனோடு சேர்ந்து ரூட்டரைத் திட்டினேன். அவை இரண்டும் ஒன்றோடொன்று பேசாத வேறு வேறு பதிப்புகள்.

பிப்ரவரி 11, இரவு 11.20

நான்கு பேரும் நுழைந்துவிட்டார்கள் என்ற சேதி பார்த்தேன். இரண்டாவது பெட்டியை வைஃபை நிலையமாக்கும் வழியையே எடுத்திருக்கிறீர்கள், நன்று.

இப்போதே ஒன்றைச் செய்துவிடுங்கள்: அனுமதிப் பட்டியலைப் போடுங்கள். என் சர்வரின் லாக் எனும் பதிவேட்டில் முதல் வாரத்திலேயே, நான் கேள்விப்படாத பெயர்கள் வந்து தட்டிவிட்டுப் போயிருந்தன. யாரோ என் முகவரியை விற்றுவிட்டார்கள் என்று நண்பர்கள் மேல் சந்தேகப்பட்டேன், பாவம். ஒரு கிகாபிட் இணைப்பும் இசட்மேப் போன்ற கருவியும் இருந்தால், ஒரு போர்ட்டை ஐபிவி4 உலகம் முழுவதிலும் தட்டிப் பார்க்க முக்கால் மணி நேரம் போதும் என்று 2013-லேயே காட்டிவிட்டார்கள். யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. 25565-ஐ வேறு எண்ணுக்கு மாற்றினால் தட்டுவோர் குறைவார்கள், நிற்க மாட்டார்கள்.

கணக்குச் சரிபார்க்கும் 'ஆன்லைன் மோட்' அமைப்பை அணைக்கச் சொல்லி யாராவது நண்பர் கெஞ்சுவார். அணைத்தால் உங்கள் பெயரைப் போட்டுக்கொண்டு யார் வேண்டுமானாலும் வரலாம், உங்கள் நிர்வாக அதிகாரத்தோடு. பழைய சர்வர் பதிப்பையும் ஓட்டாதீர்கள். 2021 டிசம்பரில் ஜாவா நிரல்கள் பயன்படுத்தும் லாக்4ஜே என்ற பதிவுக் கருவியின் பாதுகாப்பு ஓட்டை வெளியானபோது, அரட்டைப் பெட்டியில் ஒரு வரி தட்டினாலே சர்வரைக் கைப்பற்ற முடிந்தது. 1.18.1 பதிப்பில்தான் அதை அடைத்தார்கள்.

பிப்ரவரி 13, இரவு 9.40

மாலையில் மட்டும் விளையாட்டு தாமதமாகி இழுக்கிறது என்ற உங்கள் புகாருக்கு: கட்டையை உடைத்ததும் அது மறுபடி தோன்றுகிறதா? சர்வர் ஒரு நொடிக்கு இருபது முறை, 50 மில்லி நொடிக்கு ஒருமுறை, உலகத்தைக் கணக்கிட வேண்டும். திணறினால் 'கேன்ட் கீப் அப்' என்று லாக்கிலேயே புலம்பும். லாக்கில் புலம்பலைக் காணோம், பிங், அதாவது பதில் வர ஆகும் நேரம், மட்டும் எகிறுகிறது என்றால் குற்றவாளி இணைப்பு.

என் வீட்டில் எல்லோருடைய கைபேசிகளும் மாலையில் வைஃபையைப் பிடித்ததும், அன்றைய படங்களை எல்லாம் மேலே ஏற்றத் தொடங்கும். பதிவேற்றப் பாதை நிரம்பி, ரூட்டரின் வரிசையில் விளையாட்டுப் பாக்கெட்டுகள் படங்களுக்குப் பின்னால் நின்றன. சுரங்கத்தைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன், வழக்கம்போல. ரூட்டரில் வரிசை ஒழுங்கு அமைப்பை இயக்கி, பதிவேற்றத்தை உண்மை வேகத்தில் பத்தில் ஒன்பது பங்குக்குக் கட்டுப்படுத்தினேன். பிறகு படங்களும் போயின, ஆட்டமும் நின்றதில்லை.

பிப்ரவரி 14, காலை 8.00

நேற்றிரவு 11.30-க்கு நான்கு பேரும் ஒரே நொடியில் வெளியே விழுந்தார்கள், மொபைல் டேட்டாவில் பார்த்தாலும் 'டைம்டு அவுட்', இரண்டு பெட்டிகளையும் அணைத்துப் போட்டும் திரும்பவில்லை, மறுபடியும் ரூட்டர் வாங்கவா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சர்வர் ஓடும் கணினியின் விசைப்பலகையை யாராவது அப்போது தொட்டுப் பார்த்தீர்களா?

பிப்ரவரி 14, காலை 8.35

தூங்கிக்கொண்டிருந்ததாம். சரி. பவர் அமைப்பில் உறக்கத்தை 'ஒருபோதும் வேண்டாம்' என்று மாற்றிவிடுங்கள், திரை அணைவது அப்படியே இருக்கலாம். நானும் இத்தனை நாளில் அதை ஒருமுறைகூடக் கேட்கவில்லை.